எ சூட்டபிள் பாய் தொடர் ஏன் ஒட்டவில்லை?

பழுப்புப்பக்கம்:
விக்ரம் சேத் நாவலை (1993) முடித்த கையோடு, 2020-ல் பிபிசிக்காக மீரா நாயர் எடுத்த தொடரையும் பார்த்தாயிற்று. தபு, இஷான் கட்டர், ராம் கபூர் என்று நல்ல ஆட்கள். உடையிலோ வீடுகளிலோ குறை சொல்ல முடியாது. ஆனாலும் நாயகி லதா கடைசியில் ஷூ தொழிலில் இருக்கும் ஹரேஷை மாப்பிள்ளையாகத் தேர்ந்தெடுப்பது மனசில் ஒட்டவே இல்லை. கிட்டத்தட்ட எல்லாரும் இங்கிலீஷில் பேசுவதுதான் காரணமா?

கத்தரிமேசை:
அதுவும் ஒரு காரணம், ஆனால் முதல் காரணம் நீளம். திரைக்கதை எழுதிய ஆண்ட்ரூ டேவிஸ் 1995-ல் ஜேன் ஆஸ்டினின் பிரைட் அண்ட் பிரெஜுடிஸை 6 எபிசோடாக எழுதினார். அந்த நாவல் சுமார் 1.2 லட்சம் சொற்கள். இது கிட்டத்தட்ட 6 லட்சம், இதற்கும் அதே 6 எபிசோட்! அப்படி வெட்டும்போது காதலும் கத்திக்குத்தும் தப்பிவிடும், ஆட்கள் செய்யும் வேலை போய்விடும்.

ஹரேஷையே எடுத்துக்கொள்ளுங்கள். செக் நிர்வாகிகள் நடத்தும் பிராஹா ஷூ கம்பெனியில் அவன் இடம் பிடிப்பது ஒரு குட்இயர் வெல்ட் ஷூ ஜோடியைச் செய்து காட்டித்தான். மேல்தோலையும் உள்ளடியையும் ஒரு தோல் பட்டையோடு சேர்த்துத் தைத்து, அந்தப் பட்டையில் அடித்தோலைத் தனியாகத் தைக்க வேண்டும். தேய்ந்தால் அடித்தோலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இந்தக் கைவேலை மனதில் பதிந்தால்தான் லதாவின் முடிவுக்கு அர்த்தம். தொடரில் அவன் வெறும் நல்ல பையன்.

பட்டாசிட்டா:
ஜமீன் ஒழிப்பு மசோதாவுக்கும் இதே கதிதான். உத்தரப் பிரதேசத்தில் அந்தச் சட்டம் 1952 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தது. நாவலில் வரும் கற்பனை மாநிலமான பூர்வ பிரதேசம் உத்தரப் பிரதேசத்தின் சாயல். ஒரே நிலத்தைத் தொடர்ந்து உழுதவனுக்கு உரிமை கிடைத்துவிடும் என்று தெரிந்ததும், நிலக்காரர்கள் குத்தகைக்காரனை வயல் வயலாக மாற்றிக்கொண்டே இருந்தார்கள். யார் எதை உழுதார் என்பதற்கு ஆதாரம் பட்வாரியின் பதிவேடு (நம்மூர்க் கர்ணம் வைத்திருந்த கணக்கு மாதிரி). நிலக்காரர் வீட்டுப் பையனான ரஷீத் அதில் தங்கள் நிலத்தை உழும் கச்சேருவின் பெயரை எழுதவைக்கப் போய், வீட்டில் விஷயம் தெரிந்து, கச்சேருவுக்கு இருந்த வயலும் பறிபோகிறது. ரஷீத் உடைந்துபோவதற்கு வேர் இங்கேதான். தொடரில் விஜய் வர்மா நன்றாகவே செய்திருக்கிறார், ஆனால் கிடைத்த நேரத்தில் அந்தச் சரிவு திடுதிப்பென்று வருகிறது. வெளியானபோது இதையெல்லாம் யாரும் பேசவில்லை. கோயில் பின்னணியில் முத்தம் என்று மத்தியப் பிரதேசத்தில் வழக்குப் போட்டதுதான் செய்தி.

மிஸ்ரிமண்டி:
இங்கிலீஷை அவ்வளவு லேசாக விட முடியாது. லதாவின் அண்ணன் அருண் மெஹ்ராவின் திமிரே அவன் பேசும் இங்கிலீஷில்தான் இருக்கிறது. சுற்றியிருப்பவர்களும் அதையே பேசினால் அந்தத் திமிர் எங்கே தெரியும்? வீட்டில் இந்தி, பாடகி சயீதா பாய் வீட்டில் உருது, கல்கத்தா சாட்டர்ஜி வீட்டில் இங்கிலீஷ் என்று பிரித்திருந்தாலே பாதி வேலை முடிந்திருக்கும். சயீதா பாய் கஜல் பாடும் இடங்கள் மட்டும் தேறுவது ஏன் என்று நினைக்கிறீர்கள்? அங்கே மொழியில் கை வைக்கவில்லை.