ஃபுல் சிக்னல் காட்டியும் வீடியோ கால் உறைந்தது: ரிப்பீட்டர் வைத்தவர்களின் அனுபவம்

வைஃபை ரவுட்டர் கீழே கூடத்தில். அம்மாவின் அறை மாடியில், கடைசி. அக்காவோடு வீடியோவில் பேசும்போது பாதியில் முகம் உறைந்து நிற்கும், குரல் துண்டு துண்டாக வரும். சிக்னல் இல்லாத இடத்தில்தானே வேண்டும் என்று ரிப்பீட்டரை, அதாவது ரவுட்டரின் வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டியை, வாங்கி அந்த அறையின் பிளக்கிலேயே செருகினேன். போனில் ஃபுல் சிக்னல். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். கால் மட்டும் பழையபடிதான்.

இரண்டு நாள் குழம்பிய பிறகு விளங்கியது. போன் காட்டுவது போனுக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவே உள்ள சிக்னலை. ரவுட்டரிடமிருந்து ரிப்பீட்டருக்கு எவ்வளவு வருகிறது என்பது அதில் தெரியாது. ரிப்பீட்டர் காதில் விழுந்ததைத்தான் திருப்பிச் சொல்லும். அதற்கே அரைகுறையாகக் கேட்டால் நமக்கு என்ன வரும்?

அப்புறம் சிக்னல் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, ரவுட்டரின் அளவைப் பார்த்துக்கொண்டே படியேறினேன். மைனஸ் கணக்கு அது, பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. கூடத்தில் -45 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அலகு). படிக்கட்டுத் திருப்பத்தில் -62. மாடியில் இரும்பு பீரோவைத் தாண்டியதும் -84! ரிப்பீட்டரை அந்தத் திருப்பத்துக்கு மாற்றினேன். அன்று இரவு அம்மா முக்கால் மணி நேரம் பேசினார். ஒரு தடவைகூட "கேக்குதா, கேக்குதா?" என்று கேட்கவில்லை.

*

எங்கள் வீட்டில் ரிப்பீட்டர் வைத்த இடம் சரிதான், வேகம்தான் பாதியாகிவிட்டது. ஒரே ரேடியோ (சிக்னலை அனுப்பி வாங்கும் பகுதி) உள்ள ரிப்பீட்டர், ரவுட்டரிடம் தரவை வாங்குவதும் போனுக்குக் கொடுப்பதும் ஒரே சேனலில். எல்லாத் தரவும் காற்றில் இரண்டு தடவை போகிறது. இரண்டு பேண்ட் (அலைவரிசை) உள்ளதாக மாற்றி, ரவுட்டரோடு பேச 5 கிகாஹெர்ட்ஸ், போன்களுக்கு 2.4 என்று பிரித்துவிட்டேன். நல்ல வித்தியாசம். 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டத் திணறும், அதனால் ரிப்பீட்டரை ரவுட்டருக்குக் கொஞ்சம் பக்கமாக நகர்த்த வேண்டியிருந்தது.

*

நான் நடந்துகொண்டே பேசுகிறவன். மாடிக்குப் போன பிறகும் என் போன் கீழே உள்ள ரவுட்டரையே பிடித்துக்கொண்டிருக்கும். எதோடு இணைவது என்பதைப் போன்தான் தீர்மானிக்கிறது. மெஷ் வைத்தேன், அதாவது ஒரே வைஃபையாகச் சேர்ந்து வேலை செய்யும் பல பெட்டிகள்; "பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது, அங்கே போ" என்று அது போனுக்குத் தகவல் கொடுக்கிறது. பரவாயில்லை ரகம். கடைசியில் மாடிக்கு லேன் கேபிள் இழுத்து மெஷ் பெட்டியை அதில் மாட்டினேன். அதற்கு அப்புறம்தான் நிம்மதி. கேபிள் இழுக்க வழி இருந்தால் தயங்காதீர்கள், ஒரு நாள் வேலைதான்.