தெருவுக்குப் புதிதாக வந்த ஒடிசா குடும்பங்கள்: எங்கிருந்து தொடங்குவது?

நெருப்பெரிச்சல்வாசி:
திருப்பூரில் எங்கள் தெரு லைன் வீடுகளில் ஒடிசாக் குடும்பங்கள் சில குடிவந்திருக்கின்றன. எல்லோருக்கும் பனியன் கம்பெனி வேலை. குடிதண்ணீர் எந்த நாள் வரும் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. போன தடவை கைக்குழந்தையோடு ஒரு பெண் குடத்தை வரிசையில் வைத்தாள். ஆளாளுக்கு அதைப் பின்னால் நகர்த்தினார்கள். அவள் முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது. பார்க்க மனசு கேட்கவில்லை. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கே போகாமல் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். பொங்கலுக்கு அழைத்து விழா வைக்கலாம் என்கிறது தெருச் சங்கம். எனக்கு அது போதாது என்று படுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சாக்பீஸ் டீச்சர்:
முதலில் பிள்ளைகளைப் பாருங்கள். டி.சி., பிறப்புச் சான்றிதழ் இல்லையே என்று பெற்றோர் தயங்குவார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயதுப் பிள்ளையை அந்தக் காரணத்துக்காகத் திருப்பி அனுப்ப முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். என் வகுப்பில் ஒடியா பேசும் பையன் ஒருவன், கணக்குப் போட முதல் ஆளாகப் பலகைக்கு ஓடி வருவான், தமிழில் வாயே திறக்கமாட்டான். கடைசியில் கபடி ஆடும்போதுதான் பேச ஆரம்பித்தான். சேர்க்கும் நாளில் நீங்களும் கூடப் போங்கள். துணைக்கு ஆளில்லாமல் பலர் கேட்டிலிருந்தே திரும்பிவிடுகிறார்கள்.

கட்டிங் மாஸ்டர்:
ரேஷனையும் சொல்லிக்கொடுங்கள். 2020 அக்டோபரிலிருந்து, ஊர் கார்டு ஆதாரோடு இணைந்திருந்தால் இங்குள்ள கடையிலும் கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். பலருக்கு இது தெரியாது. குழாயடிக்கு, வீட்டு எண் வாரியாக முறை எழுதி ஒட்டுங்கள். அவர்களுக்கு ஒன்றரை ஷிப்ட் வேலை, அதனால் கூட்டம் போட்டால் ஞாயிறு சாயங்காலம் போடுங்கள். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களை அடிப்பதாகப் போலி வீடியோக்கள் பரவின. போலீஸ் மறுத்தும் எங்கள் யூனிட்டில் பலர் மூட்டை கட்டினார்கள். ஒரு காம்பவுண்டில் மட்டும் யாரும் கிளம்பவில்லை. அங்கே வீட்டுக்கார அக்கா கதவு கதவாகப் போய், “எங்கேயும் போகாதீங்க, நாங்க இருக்கோம்” என்று சொல்லியிருந்தார். வந்த புதிதிலிருந்தே பேசிப் பழகியவர், அதனால் நம்பினார்கள்.

நெருப்பெரிச்சல்வாசி:
ரொம்ப நன்றி. குழாயடி முறையை இந்த வாரமே சங்கத்தில் பேசுகிறேன். டீச்சர், பாதி வருஷம் போய்விட்டதே, இப்போதும் சேர்ப்பார்களா?

சாக்பீஸ் டீச்சர்:
சேர்ப்பார்கள், சட்டத்திலேயே இடமிருக்கிறது. திங்கட்கிழமை, பிள்ளைகளின் காலை உணவு முடிந்ததும் தலைமையாசிரியரைப் பாருங்கள். ஆதார் இருந்தால் எடுத்துப் போங்கள், இல்லாவிட்டாலும் போங்கள்.