முதல் போட்டிக்கு மேஜிக் கட்டு அமைப்பது எப்படி? (பாப்பர் முறை)

கேள்வி: ரோஸ்ஹில் மாணவன்

அனைவருக்கும் வணக்கம். நான் மொரிசியஸில் ரோஸ் ஹில்லில் வசிக்கிறேன். நான்கு ஆண்டுகளாக நண்பர்களோடு வீட்டு வராந்தாவில் மேஜிக் (Magic: The Gathering) அட்டை விளையாட்டு ஆடி வருகிறேன். தைப்பூசக் காவடி முடிந்த மூன்றாம் வாரம் இங்குள்ள ஒரு கடையில் பாப்பர் முறையில் போட்டி நடக்கவிருக்கிறது. ஏதேனும் ஒரு பதிப்பில் சாதாரண (எளிதில் கிடைக்கும் common வகை) அட்டையாக வெளிவந்தவை மட்டுமே பாப்பரில் செல்லும் என்பதால், வெளிநாட்டிலிருந்து அஞ்சலில் அட்டை வரவழைக்கும் எங்களுக்கு அது ஒன்றே கட்டுப்படியாகிறது.

சென்ற மாதம் நடந்த பயிற்சி ஆட்டங்களில் நான்கு சுற்றிலும் தோற்றேன். என் கட்டில் 67 அட்டைகள் உள்ளன. மற்ற அட்டைகளை ஆடத் தேவையான மானா என்ற ஆற்றலைத் தரும் நிலங்கள் 22: தீவு (நீலம்) 8, மலை (சிவப்பு) 7, காடு (பச்சை) 7. கவுண்டர்ஸ்பெல், லைட்னிங் போல்ட், லானோவர் எல்வ்ஸ் மூன்றிலும் நான்கு நான்கு வைத்திருக்கிறேன். தனித்தனியே பார்த்தால் இவை எல்லாம் வலுவான அட்டைகள்தாம். ஒன்றாகச் சேர்ந்ததும் ஏன் கையில் கிடந்து உறங்குகின்றன என்று புரியவில்லை. எதை எடுத்துவிடுவது, எதைச் சேர்ப்பது? ரீயூனியனில் இருக்கும் என் பெரியம்மா மகன் கொடுத்த பிரெஞ்சு அட்டைகளைப் போட்டியில் ஏற்றுக்கொள்வார்களா என்பதையும் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1: கணக்குப்பிள்ளை

தம்பி, நீங்கள் அட்டைகளின் வலுவைப் பார்த்திருக்கிறீர்கள், அவை கைக்கு வரும் வாய்ப்பைப் பார்க்கவில்லை. கவுண்டர்ஸ்பெல்லுக்கு இரண்டு நீல மானா வேண்டும். 67 அட்டையில் 8 தீவுகளை வைத்துக்கொண்டு, இரண்டாவதாக ஆடுபவராக உங்கள் இரண்டாம் முறைக்குள் (அதாவது நீங்கள் ஆடும் இரண்டாம் வாய்ப்புக்குள்) 9 அட்டைகளைப் பார்க்கும்போது, இரண்டு தீவுகளாவது கையில் இருப்பதற்கான வாய்ப்பு 29 விழுக்காடுதான். அதாவது பத்து ஆட்டங்களில் ஏழில் அந்த அட்டை அந்நேரத்தில் வெறும் படம். போல்ட்டும் எல்வ்ஸும் ஒரே ஒரு மானாவைத்தான் கேட்கின்றன என்றாலும் அவற்றை முதல் முறையிலேயே இறக்கத்தான் வைத்திருக்கிறோம். ஏழே மலையும் ஏழே காடும் அதற்குப் போதவே போதா.

மேஜிக் புகழ்மண்டபத்தில் இடம்பெற்ற நெதர்லாந்து ஆட்டக்காரர் பிராங்க் கார்ஸ்டன் இதை விரிவாகக் கணக்கிட்டிருக்கிறார். 60 அட்டைக் கட்டில் ஒரு நிற மானா கேட்கும் அட்டையை முதல் முறையிலேயே நம்பி ஆட அந்நிறத்தைத் தரும் நிலங்கள் 14 வேண்டும். ஒரே நிறத்தில் இரண்டு கேட்கும் அட்டையை இரண்டாம் முறையில் ஆட 21 வேண்டும் என்பது அவர் கணக்கு. இந்த எண்களை உங்கள் 8, 7, 7 இன் அருகில் வைத்துப் பாருங்கள்.

ஆகவே பச்சையை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். எல்வ்ஸ் விரைந்து தாக்கும் கட்டுக்கு உரியது, கவுண்டர்ஸ்பெல் பொறுத்திருந்து தடுக்கும் கட்டுக்கு உரியது. ஒரே வண்டியில் பூட்டினால் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். நீலமும் சிவப்பும் போதும். 22 நிலங்களில் இரு நிறத்துக்கும் உதவும் ஸ்விஃப்ட்வாட்டர் கிளிஃப்ஸ் 4, எவால்விங் வைல்ட்ஸ் 4, அவற்றோடு தீவு 10, மலை 4 என்று வைத்தால் நீலம் தருபவை 18 ஆகும். இது 21 இல்லைதான். ஆனால் கவுண்டர்ஸ்பெல்லை மூன்றாம், நான்காம் முறைகளில் பயன்படுத்த மனம் ஒப்பினால் தாராளமாகப் போதும். சிவப்பு தருபவை 12. போல்ட்டை முதல் முறையில் வீசியே ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தையும் விட்டுவிடுங்கள்.

67 என்ற எண்ணையும் குறைத்தாக வேண்டும். விதி 60க்குக் குறையக் கூடாது என்கிறதே தவிர, கூட வேண்டும் என்று சொல்லவில்லை. 60இல் நான்கு பிரதி வைத்த அட்டை தொடக்கத்தில் கையில் எடுக்கும் ஏழில் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 40 விழுக்காடு, இரண்டு பிரதி என்றால் 22, ஒன்று என்றால் 12க்கும் குறைவு. அறுபத்தொன்றாவதாக நுழையும் எந்த அட்டையும் உங்கள் சிறந்த அட்டையின் இடத்தைத்தான் தின்கிறது. (இதை நான் ஏற்றுக்கொள்ள மூன்று ஆண்டுகள் ஆயின, பிடித்த அட்டையை வெளியே எடுப்பது அவ்வளவு கடினம்.)

மறுமொழி 2: டர்பன் ஆட்டக்காரர்

முன்னவர் கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தம்பி தானாகக் கட்டு அமைப்பதையே நான் ஏற்கவில்லை. இணையத்தில் வெற்றி பெற்ற பாப்பர் கட்டு ஒன்றை அப்படியே எடுத்து, ஓர் அட்டையும் மாற்றாமல் ஐம்பது ஆட்டம் ஆடிப் பாருங்கள். அந்த அட்டை ஏன் அங்கே இருக்கிறது என்பது தெரிந்தபின் மாற்றுங்கள். இங்கே சாட்ஸ்வொர்த்தில் என்னிடம் ஆடக் கற்ற பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்வேன்.

சைட்போர்டு (ஆட்டங்களுக்கு இடையே கட்டில் மாற்றிக்கொள்ள வைத்திருக்கும் 15 கூடுதல் அட்டைகள்) பற்றி நீங்கள் இருவருமே ஒரு சொல்லும் சொல்லவில்லை. போட்டியில் ஒரு சுற்று என்பது மூன்றில் இரண்டு வெல்வது. முதல் ஆட்டத்தில் மட்டும்தான் சைட்போர்டைத் தொட முடியாது. எனவே நீங்கள் ஆடும் ஆட்டங்களில் பாதிக்கும் மேலானவை அந்த 15 அட்டைகளிலிருந்து எடுத்துச் சேர்த்தபின் நடப்பவை. எதிரில் நீலம் என்றால் பைரோபிளாஸ்ட், சிவப்பு என்றால் ஹைட்ரோபிளாஸ்ட், கல்லறையை (பயன்படுத்தி முடிந்த அட்டைகளின் குவியலை) நம்பும் கட்டு என்றால் ரெலிக் ஆஃப் ப்ரொஜெனிட்டஸ், எல்வ்ஸ் போன்ற சிற்றுயிர்க் கூட்டம் என்றால் எலெக்ட்ரிக்கரி. எதை உள்ளே கொண்டுவருவது என்பது எல்லாருக்கும் தெரியும். எதை வெளியே எடுப்பது என்பதில்தான் தடுமாறுவார்கள். ஒவ்வொரு எதிர்க்கட்டுக்கும் எத்தனை உள்ளே, எத்தனை வெளியே என்று வீட்டிலேயே தாளில் எழுதிப் பழகுங்கள். சுற்றுக்கு 50 நிமிடம்தான். உட்கார்ந்து யோசித்தால் மூன்றாம் ஆட்டத்துக்கு நேரம் இராது.

மறுமொழி 3: கியூர்பிப் மழை

டர்பன் அண்ணா சொல்வது பெரிய ஊருக்குப் பொருந்தும். எங்கள் தீவில் கடைப் போட்டிக்கு வருபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். யார் எந்தக் கட்டைக் கொண்டுவருவார் என்பது போன முறையே தெரிந்துவிடும். இணையக் கட்டின் முதன்மை 60 அட்டைகளை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதன் சைட்போர்டு எங்கோ நூற்றுக்கணக்கானோர் கூடும் அரங்குக்காக அமைக்கப்பட்டது. தம்பி, பயிற்சி ஆட்டத்தில் நால்வர் உங்களைத் தோற்கடித்தார்களே, அவர்கள் எந்தெந்த நிறம் ஆடினார்கள்? முதலில் அதை எழுதுங்கள். உங்கள் 15 அட்டைகளில் பாதியை அதுவே தீர்மானித்துவிடும். மூன்று பேர் சிவப்பு என்றால் ஹைட்ரோபிளாஸ்ட் நான்கும் வைக்கலாம். கல்லறைக் கட்டே யாரிடமும் இல்லை என்றால் ரெலிக் எதற்கு?

பிரெஞ்சு அட்டை செல்லும். எந்த மொழியில் அச்சான அசல் அட்டையும் மேஜிக் போட்டியில் ஏற்கப்படும். ஐயம் வந்தால் நடுவர் அதிகாரபூர்வ ஆங்கில வாசகத்தைப் பார்த்துத் தீர்ப்பார். ஆனால் அவற்றில் மினுக்கு (பளபளக்கும் foil) அட்டைகள் இருந்தால் கவனம். எங்கள் ஊர் ஈரப்பதத்தில் அவை வில்லாக வளைந்துவிடும். கட்டில் நான்கு மட்டும் வளைந்திருந்தால் அடையாளமிட்ட அட்டை (பார்க்காமலே இன்னதென்று தெரிந்துவிடுவது) என்று நடுவர் ஆட்சேபிக்கலாம். உறைகளும் பின்புறம் தெரியாதவையாக, ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். தடை செய்யப்பட்ட அட்டைகளின் பட்டியலைப் போட்டிக்கு முந்திய வாரம் மறுபடி பாருங்கள், அது மாறிக்கொண்டே இருக்கும்.

ரோஸ்ஹில் மாணவன்

மூவருக்கும் நன்றி. பச்சையை எடுத்துவிட்டேன், எல்வ்ஸ் தம்பியின் பெட்டிக்குப் போய்விட்டது. நால்வரில் இருவர் சிவப்பு, ஒருவர் நீலம், ஒருவர் எல்வ்ஸ். எனவே ஹைட்ரோபிளாஸ்ட் 4, பைரோபிளாஸ்ட் 3, எலெக்ட்ரிக்கரி 3 என்று பத்து இடங்கள் நிரம்பிவிட்டன. விரதம் தொடங்குமுன் தினமும் மாலையில் மூன்று ஆட்டமாவது ஆடிப்பார்த்து, மீதி ஐந்து இடங்களுக்கு எதை நினைத்திருக்கிறேன் என்று இங்கே எழுதுகிறேன்.