இரவு சைட் மங்கிவிட்டது, அடுத்து எதை மாட்டுவது?

கடைசி_ரவுண்டு:

வணக்கம். என்னிடம் இருப்பது க்ளாக் 19 கைத்துப்பாக்கி. வேறொருவரிடமிருந்து கைமாறி வந்தது. வரும்போதே மூன்று புள்ளி டிரிட்டியம் சைட் மாட்டியிருந்தது (குறிபார்க்கும் முனைகள்; ஒவ்வொரு புள்ளியும் டிரிட்டியம் என்ற கதிரியக்க வாயு அடைத்த குட்டிக் கண்ணாடிக் குப்பி, இருட்டில் தானே ஒளிரும்). பக்கவாட்டில் 2011 என்று பொறித்திருக்கிறது. போன வாரம் அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன். பின் சைட்டில் இடது புள்ளி சுமாராக மினுங்குகிறது. வலது புள்ளி செத்துப்போயிற்று. முன் சைட் புள்ளி தெரிகிறதா, தெரிவதாக நானே நினைத்துக்கொள்கிறேனா என்று சந்தேகம்.

மறுபடி டிரிட்டியமே வாங்குவதா, ஃபைபர் ஆப்டிக் போதுமா? இருக்கிற சைட்டிலேயே ஒளிரும் பெயிண்டை ஒரு சொட்டு வைத்தால் ஆயிற்று என்கிறார் நண்பர் ஒருவர். இன்னொரு விஷயம், 15 மீட்டரில் எனக்குக் குண்டு எப்போதும் 5 செ.மீ. கீழேதான் விழுகிறது. சைட் மாற்றும்போது அதையும் சரிசெய்ய முடியுமா? வயது 47, வெள்ளெழுத்து வந்துவிட்டது. கையில் ஒரு வைஸும் சுத்தியலும் இருக்கின்றன. நானே மாட்டலாமா?

மரை_கழன்றவன்:

முதலில் சுத்தியலை உள்ளே வையுங்கள். மற்றதைப் பேசுவோம்.

வலது புள்ளி செத்ததற்கு வயது காரணமில்லை. டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 வருடம். 2011-ல் செய்தது என்றால் இப்போது பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும், ஆனால் இறக்கம் எல்லாப் புள்ளிக்கும் ஒன்றுபோலத்தான். ஒன்று மினுங்கும்போது பக்கத்தில் இருப்பது அடியோடு இருண்டிருக்கிறது என்றால், அந்தக் கண்ணாடிக் குப்பியில் எங்கோ கீறல் விழுந்து வாயு போய்விட்டது. பயப்பட ஒன்றுமில்லை. இருந்த அளவு மிகக் குறைவு, அதுவும் காற்றோடு கலந்து எப்போதோ போயிருக்கும். நாளைக்குக் கண்ணெதிரே ஒன்று உடைந்தால் மட்டும் ஜன்னலைத் திறந்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு, கொஞ்ச நேரம் வெளியே நில்லுங்கள்.

முன் சைட் வேறு கதை. அது குழல் வாய்க்குப் பக்கத்தில் நிற்பது. புகைக்கரியும் எண்ணெயும் சேர்ந்து அதன் முகத்தில் ஒரு படலமாகப் படியும். பஞ்சுக்குச்சியில் கொஞ்சம் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டுப் பாருங்கள். "சைட் செத்துவிட்டது" என்று என்னிடம் கொண்டுவந்தவர்களில் சிலருக்கு வைத்தியம் இந்தப் பஞ்சுக்குச்சியோடு முடிந்திருக்கிறது. கடுமையான கரைப்பான் வேண்டாம், குப்பியைப் பிடித்திருக்கும் பசையை இளக்கிவிடும்.

ஃபைபர் ஆப்டிக் சுற்றியிருக்கும் வெளிச்சத்தை வாங்கி முனையில் காட்டும், அவ்வளவுதான். வெயிலில் அதற்கு ஈடு கிடையாது, இருட்டில் வெறும் பிளாஸ்டிக் குச்சி. பெயிண்டுக்கு டார்ச் அடித்து ஊட்ட வேண்டும். ஊட்டியதும் பிரமாதமாக எரியும், அப்புறம் மெல்ல மெல்ல வடிந்துவிடும். நடுராத்திரி மூன்று மணிக்கு எடுக்கும் பொருளுக்கு முன்கூட்டி யார் வெளிச்சம் ஊட்டுவது? டிரிட்டியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. உள்ளே வாயு எலக்ட்ரானை விட்டுக்கொண்டே இருக்கிறது, அது குப்பியின் உட்பூச்சில் பட்டு ஒளிர்கிறது. பழைய பெட்டி டிவியின் திரை எப்படி ஒளிர்ந்ததோ அதே சமாசாரம். அந்த எலக்ட்ரானுக்குக் கண்ணாடியைத் தாண்டும் வலு இல்லை, ஆகவே இடுப்பில் கட்டினால் என்ன ஆகுமோ என்று வீட்டில் யாரும் கவலைப்பட வேண்டாம்.

இனி நான் சண்டை போடும் இடம். மூன்று புள்ளியும் ஒரே பச்சையாக, ஒரே பிரகாசமாக இருக்கும் செட்டை வாங்காதீர்கள். பழைய சைட் ஒன்றை இப்படி வைத்திருந்தேன். ஒரு நாள் விளக்கணைத்து, வெறும் துப்பாக்கியோடு பழகிக்கொண்டிருந்தேன். மூன்று புள்ளியும் அழகாக ஒரே வரிசையில் நின்றன. திருப்தியாகி விளக்கைப் போட்டால், குழல் சுவரின் மூலையைப் பார்த்து நிற்கிறது! முன் புள்ளி நடுவில் இல்லை, இரண்டு பின் புள்ளிகளுக்கும் வெளியே வலது ஓரத்தில் நின்றிருந்தது. இருட்டில் எது கிட்டே, எது எட்டத்தில் என்று கண்ணுக்குப் புரிவதில்லை. பச்சை, பச்சை, பச்சை, அவ்வளவுதான் தெரியும்.

அதனால் முன் சைட்டில் நல்ல பச்சைக் குப்பி, அதைச் சுற்றி ஆரஞ்சு அல்லது மஞ்சள் வளையம் இருக்கட்டும். வளையம் பகலுக்கு, குப்பி இருட்டுக்கு. பின் சைட் வெறும் கறுப்பாகவோ, மங்கலான வேறு நிறத்திலோ இருந்தால் போதும். பச்சைதான் நம் கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரியும் நிறம், அதை முன்னுக்குக் கொடுங்கள். பின் சைட்டின் வெட்டு கொஞ்சம் அகலமாக, முன் சைட்டின் இரு பக்கமும் வெளிச்சக்கோடு தெரியும்படி இருந்தால் உங்கள் கண்ணுக்கு உதவும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தப் புள்ளி எதிரே நிற்பது யார் என்று காட்டாது. ஆள் உருவம் தெரிகிறது, கறுப்புச் சைட் மட்டும் தெரியவில்லை என்கிற அந்திக் கருக்கலுக்குத்தான் இது. கும்மிருட்டென்றால் டார்ச் வேண்டும். டார்ச் வெளிச்சம் எதிரே பட்டதும் எந்தச் சைட்டும் கறுப்பு நிழலாகத் தெளிவாய்த் தெரியும்.

5 செ.மீ. விஷயத்துக்கு நாளை வருகிறேன்.

ஒற்றைக்கண்:

வெள்ளெழுத்துக்காரன் என்ற முறையில் ஒரு வார்த்தை. எந்தச் சைட் வாங்கினாலும் முன் சைட் மங்கலாகத்தான் தெரியும், கண்ணாடியைச் சரிசெய்யும் வரை. நான் இரட்டைக் கண்ணாடி போட்டவன். முன் சைட்டைப் பார்க்க என்னையறியாமல் முகவாயைத் தூக்கி, கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்துவலிதான் மிச்சம். அப்புறம் கையை நீட்டிப் பிடித்து, கண்ணிலிருந்து முன் சைட் வரை நூல் பிடித்து அளந்தேன். எனக்கு 66 செ.மீ. கண் பரிசோதகரிடம் அந்த நூலையே நீட்டி, "எனக்கு இந்தத் தூரம் தெரிய வேண்டும்" என்றேன். படிக்கிற கண்ணாடி 40 செ.மீ. போலக் கிட்டத்துக்கானது, அதைப் போட்டுக்கொண்டு சுட்டுப் பயனில்லை.

புதுக்குறி:

இந்தக் காலத்தில் யார் சார் இரும்புச் சைட் மாற்றுகிறார்கள்? ரெட் டாட் (குட்டிக் கண்ணாடியில் ஒளிப்புள்ளி காட்டும் பேட்டரிச் சைட்) போடுங்கள். ஒரே புள்ளி, குறியைப் பார்த்தபடியே சுடலாம், வெள்ளெழுத்துப் பிரச்சினையே இல்லை.

மரை_கழன்றவன்:

@புதுக்குறி தம்பி, கண்ணைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதற்கு ஸ்லைடில் (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) இடம் வெட்டியிருக்க வேண்டும், பேட்டரி பார்க்க வேண்டும். கண்ணில் ஆஸ்டிக்மாட்டிசம் என்கிற விழிவளைவுக் கோளாறு இருந்தால் புள்ளி திராட்சைக் கொத்துபோலச் சிதறித் தெரியும். நண்பர் கேட்டது சைட் மாற்ற. விடுங்கள்.

@கடைசி_ரவுண்டு, உயரக் கணக்கு. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் உள்ள தூரத்தை விலகலால் பெருக்கி, சுடும் தூரத்தால் வகுக்க வேண்டும். உங்கள் துப்பாக்கியில் அந்தத் தூரம் 153 மி.மீ. எல்லாவற்றையும் மி.மீ.-ல் வைத்து, அதை 50-ஆல் பெருக்கி 15,000-ஆல் வகுத்தால் அரை மி.மீ. வருகிறது. பின் சைட் அவ்வளவு உயர வேண்டும், அல்லது முன் சைட் அவ்வளவு இறங்க வேண்டும். க்ளாக்கின் சொந்தப் பின் சைட்டுகள் 6.1, 6.5, 6.9, 7.3 என்று 0.4 மி.மீ. படியாக வருகின்றன. ஒரு படி ஏறினால் 15 மீட்டரில் சுமார் 4 செ.மீ. மேலே போகும். வேறு கம்பெனிச் செட் என்றால் முன்னும் பின்னும் ஜோடியாகவே வாங்குங்கள்.

ஆனால் வாங்குவதற்கு முன் ஒன்று. நீங்கள் குறியை எங்கே வைக்கிறீர்கள்? முன் சைட்டின் மேல் விளிம்பையா, புள்ளியையா? சில செட்டில் புள்ளியே குறியை மூட வேண்டும், சிலதில் விளிம்பில் குறி உட்கார வேண்டும். மணல்மூட்டை மேல் துப்பாக்கியைத் தாங்கிவைத்து, நல்ல கண் உள்ள வேறொருவரைச் சுடச் சொல்லுங்கள். அவருக்கும் 5 செ.மீ. கீழே விழுந்தால்தான் சைட் குற்றவாளி.

மாட்டுவதற்கு: மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய கூடு) எடுத்து, சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) கண்ணாலும் விரலாலும் பார்த்து, ரவுண்டுகளை, அதாவது தோட்டாக்களை, அடுத்த அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். பிரித்தெடுத்து ஸ்லைடு மட்டும் கையில் இருக்கட்டும். முன் சைட் ஸ்லைடின் உள்ளிருந்து குட்டி ஆறுமுக ஸ்க்ரூவில் நிற்கிறது. அதற்கு 3/16 அங்குல மெல்லிய சுவர் ஸ்பானர் தனியாக வேண்டும், சாதாரண சாக்கெட் உள்ளே நுழையாது. பழைய மரையை எண்ணெய் இல்லாமல் துடைத்து, நீல நிற லாக்டைட் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு பொட்டு. சிவப்பு வேண்டவே வேண்டாம். இரண்டு விரலால் முறுக்கினால் போதும், பலத்தைக் காட்டினால் ஸ்க்ரூ தலை கையோடு வந்துவிடும். ஒரு நாள் உலரட்டும்.

பின் சைட் டவ்டெயில் பள்ளத்தில் (அடி அகன்று வாய் குறுகியது) இறுகியிருக்கும். சைட் தள்ளும் கருவியை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். சுத்தியலையும் பஞ்ச் என்கிற தட்டுக்கம்பியையும் பிடித்தால் அடி குப்பிக்கும் போகும். புதியது மூன்றில் ஒரு பங்கு தூரம் கையாலேயே நுழைய வேண்டும். நுழையவில்லையா, சைட்டின் அடிப்பாகத்தை இரண்டு இழுப்பு அரத்தால் தேயுங்கள். ஸ்லைடில் அரம் படக்கூடாது. சைட்டை ஐந்து ரூபாயானாலும் ஐயாயிரமானாலும் மறுபடி வாங்கலாம், பள்ளம் பெரிதானால் ஸ்லைடே போச்சு.

க்ளாக் இல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால்: ஸ்மித் அண்ட் வெஸன் எம் அண்ட் பி-யில் பின் சைட்டுக்கு அடியில் ஒரு குட்டி ஸ்பிரிங்கும் மூடியும் ஒளிந்திருக்கும். கையேட்டைப் படிக்காமல் நான் சைட்டைத் தள்ளியபோது அந்த ஸ்பிரிங் டிங்கென்று பறந்தது. காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் தரையில் தவழ்ந்தேன். கிடைத்தது என் சட்டைப்பையில்.

கடைசி_ரவுண்டு:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். பஞ்சுக்குச்சி வைத்தியத்தில் முன் புள்ளிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது, ஆனால் வலது புள்ளிக்கு நீங்கள் சொன்னதுதான். முன் பச்சை, பின் கறுப்புச் செட் மாட்டியாயிற்று, தள்ளும் கருவி இரவல்.

5 செ.மீ. கதை வெட்கக்கேடு. நண்பர் சுட்டார், நடுவில் ஒட்டுகிறது. நான் புள்ளிக்குப் பதில் விளிம்பைக் குறியில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது 1 செ.மீ. கீழே. பக்கவாட்டில் மட்டும் 3 செ.மீ. இடதுபுறம் போகிறது.

மரை_கழன்றவன்:

பின் சைட்டை 0.3 மி.மீ. வலதுபுறம் தள்ளுங்கள். பின் சைட் போகும் பக்கம்தான் ரவுண்டும் போகும். தள்ளுவதற்கு முன் சைட்டிலும் ஸ்லைடிலும் சேர்த்து பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பழைய சைட்டைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள், செய்த கம்பெனிக்கே திருப்பி அனுப்பலாமா என்று கேட்டுப் பாருங்கள்.