பள்ளி ஊழியரின் சம்பளம் ஒரு குடும்பத்தின் அடிப்படைச் செலவுக்குப் போதுமா?

கேள்வி – பள்ளி அலுவலக எழுத்தர்

வணக்கம். ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகளாக எழுத்தராக இருக்கிறேன். வீட்டில் நான்கு பேர். சம்பாதிப்பவன் நான் ஒருவன்தான். பழைய வருகைப் பதிவேட்டின் எழுதாத பக்கங்களில் மனைவி வரவுசெலவு எழுதி வருகிறார். ஓராண்டுக் கணக்கை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தபோது, இளைய மகளுக்கு மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டிய செலவு, 'அடுத்த மாதம்' என்ற குறிப்போடு மூன்று பக்கங்கள் தாண்டி வந்திருப்பதைக் கண்டேன். நிர்வாகத்திடம் பேசினால், மற்ற பள்ளிகளைவிடக் குறைத்துத் தரவில்லையே என்கிறார்கள். அது உண்மையும்தான். ஆனால் ஒரு சம்பளம் குடும்பத்துக்குப் போதுமா, போதாதா என்பதை எந்த அளவுகோலால் சொல்வது? ஊதாரி என்று பேர் வாங்காமல் இதை எப்படி எடுத்துப் பேசுவது?

பதில் – ஊதியக் கணக்குப் பார்ப்பவர்

மற்ற பள்ளிகள் தருவதோடு ஒப்பிட்டால் உங்கள் சம்பளம் சராசரியா என்பதுதான் தெரியும். சராசரியே போதாததாக இருந்தால் அந்த ஒப்பீட்டால் பயனில்லை. கணக்கைச் செலவின் பக்கமிருந்து தொடங்க வேண்டும். வாழ்வதற்குப் போதுமான ஊதியத்தைக் கணக்கிட ரிச்சர்ட் ஆங்கர், மார்த்தா ஆங்கர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வகுத்த முறை இன்று பரவலாகக் கையாளப்படுகிறது. சத்துள்ள எளிய உணவு, குடியிருக்கத் தகுந்த வீடு, மருத்துவம், கல்வி, போக்குவரத்து முதலான பிற தேவைகள் ஆகியவற்றுக்கு அந்த வட்டாரத்தில் என்ன ஆகும் என்று கூட்டி, எதிர்பாராத செலவுக்கென வழக்கமாக 5 சதவீதம் சேர்ப்பார்கள். மகளின் கண்ணாடி போன்றவற்றுக்கும் அதில் இடம் உண்டு. அது ஊதாரித்தனம் ஆகாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கூட்டுத்தொகையை, ஒரு குடும்பத்தில் முழுநேர அளவில் உழைப்பவர் சராசரியாக எத்தனை பேரோ அந்த எண்ணால் வகுத்த பிறகே ஒருவருக்கான ஊதியம் கிடைக்கிறது. அந்த எண் பெரும்பாலும் 1-க்கும் 2-க்கும் இடையில் இருக்கும். எனவே, இம்முறைப்படி 'போதுமான' ஊதியத்தைப் பள்ளி கொடுத்தாலும், ஒருவர் மட்டுமே சம்பாதிக்கும் உங்கள் வீட்டில் துண்டு விழக்கூடும். நிர்வாகத்திடம் பேசும்போது, சம்பளக் குறைவால் வரும் பற்றாக்குறையையும் குடும்ப அமைப்பால் வரும் பற்றாக்குறையையும் பிரித்துச் சொன்னால்தான் பேச்சு எடுபடும்.

பதில் – ஓய்வுபெற்ற ஆசிரியர்

அளவுகோல் புதிதாகத் தேட வேண்டியதில்லை. யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் இணைந்து 1966 அக்டோபர் 5 அன்று ஏற்ற பரிந்துரை, ஆசிரியரின் ஊதியம் அவரும் அவர் குடும்பமும் நியாயமான வாழ்க்கைத் தரத்தில் இருக்க வகை செய்ய வேண்டும் என்கிறது. உலக ஆசிரியர் நாள் அந்தத் தேதியில்தான் வருகிறது. இருந்தாலும் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன்: சம்பளத்தை மட்டும் நம்பி நான் குடும்பம் நடத்தியதில்லை. மாலையில் டியூஷன் எடுத்துச் சமாளித்தேன். நீங்களும் பகுதிநேரமாக ஏதாவது செய்யலாமே.

பதில் – பள்ளி வாகன ஓட்டுநர்

ஐயா அவர்கள் தவறாக எண்ண வேண்டாம். நீங்கள் சொல்லும் பரிந்துரை ஆசிரியர்களுக்கானது. எழுத்தரும், ஆயாவும், துப்புரவுப் பணியாளரும், என்னைப் போன்ற ஓட்டுநரும் அதற்குள் வருவதில்லை. டியூஷன் எடுக்கிற வழியும் எங்களுக்கு இல்லை. நான் விடியற்காலை வண்டியை எடுக்கிறேன். பிள்ளைகளை இறக்கிய பிறகு மாலை வரை பள்ளி மதிலோரம் காத்திருக்கிறேன். சம்பளம் வண்டி ஓடும் நேரத்துக்கு மட்டுமே. நடுவில் உள்ள நேரத்தில் வேறு வேலைக்கு எவரும் கூப்பிடுவதில்லை. ஆக, பகுதிநேரச் சம்பளத்துக்கு முழு நாளும் போய்விடுகிறது. கோடை விடுமுறை இரண்டு மாதமும் எனக்குச் சம்பளம் கிடையாது. மாதச் சம்பளம் 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், பத்து மாத வரவைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரிக்கும்போது 83 பங்குதான் நிற்கிறது. வீட்டுக்காரர் வாடகையைப் பன்னிரண்டு மாதமும் வாங்குகிறார்.

பதில் – ஊதியக் கணக்குப் பார்ப்பவர்

ஓட்டுநர் சொன்னதை ஒட்டி ஒரு செய்தி. வாழ்வதற்குப் போதுமான ஊதியம் எது என்பதற்குச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஆட்சிக்குழு 2024 மார்ச்சில் ஏற்றுக்கொண்ட விளக்கத்தில், தொழிலாளியும் குடும்பமும் கண்ணியமாக வாழத் தேவையான அந்த ஊதியம் வழக்கமான வேலை நேரத்துக்கே கணக்கிடப்பட வேண்டும் என்று இருக்கிறது. ஆகவே டியூஷன் வருமானத்தைக் காட்டிச் சம்பளம் போதும் என்று சொல்வது அந்த விளக்கத்துக்குப் பொருந்தாது. ஆசிரியர் ஐயா தவறு செய்தார் என்று சொல்லவில்லை. அவர் மாலையில் உழைத்துப் பள்ளியின் பற்றாக்குறையைத் தாமே நிரப்பியிருக்கிறார் என்கிறேன்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. பிடித்தம் போகக் கைக்கு வந்த தொகையை ஆண்டு முழுவதற்கும் கூட்டி, பன்னிரண்டால் வகுத்துப் பார்த்தேன். நான் மனத்தில் வைத்திருந்த சம்பளம் ஒன்று, வந்திருப்பது வேறொன்று. தேர்வுக் காலத்தில் இரவு வரை இருந்த நாட்களுக்குத் தந்த சிறு தொகையையும் சம்பளத்தோடு சேர்த்தே இதுவரை எண்ணி வந்திருக்கிறேன். அதைக் கழித்துத் தனி வரியில் காட்டி, எதிரே ஆண்டுச் செலவை எழுதிக் கோரிக்கையைத் தயாரிக்கிறேன். எங்கள் பள்ளி ஓட்டுநர்களும் ஆயாக்களும் கையெழுத்திடுவார்களா என்று நாளை கேட்கப் போகிறேன்.