அணைக்கட்டு ஆத்துல ஸ்டர்ஜன் மீன் நல்லாத்தானே உயிரோட இருக்கு, அப்புறம் எப்படி அழியுதுங்கறாங்க?

கெண்டைக்குஞ்சு:
எல்லாருக்கும் வணக்கம், சின்னப்புள்ளத்தனமான கேள்வியா இருந்தா திட்டாதீங்க. நேத்து தூக்கம் வராம அமெரிக்காவோட மிசௌரி ஆத்து மீன் பத்தி ஒரு வீடியோ பாத்துட்டு இருந்தேன், படகுல ரெண்டு மூணு பேரு சேந்து ஒரு பேலிட் ஸ்டர்ஜனைத் தூக்கறாங்க, வெளுத்த சாம்பல் கலரு, மூக்கு மண்வெட்டி மாதிரி தட்டை, உடம்புல வரிசையா எலும்புத் தகடு, பல்லே கிடையாது, பாத்தா டைனோசர் காலத்துல இருந்து நேரா எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கு. ஸ்கேனர் வெச்சு டேக் நம்பர் பாத்துட்டு படகுல இருந்த ஒரு அம்மா சொல்றாங்க, இந்த மீனு அணை கட்டறதுக்கு முன்னாடி பொறந்ததா இருக்கலாமாம்.

எனக்கு இங்கதான் இடிக்குது. அணை கட்டி எழுபது வருஷம் ஆச்சு, மீனு கொழுகொழுன்னு இருக்கு, நீந்துது, சாப்பிடுது, ஏரி நிறைய தண்ணி வேற. யாரும் அதைக் கொல்லவும் இல்ல. அப்ப அணையால அழியுதுங்கறது எந்தக் கணக்கு? இன்னொண்ணு, சால்மன் மீனுக்கு அணை ஓரமா படிக்கட்டு கட்டி விடறாங்களே, அதையே இதுக்கும் கட்டிட்டா முடிஞ்சுதே?

ஆத்துமணல்:
நல்ல கேள்விதான் ப்ரோ. ஒண்ணு கேக்கறேன், அந்த வீடியோல குட்டி மீன் ஏதாவது காட்டினாங்களா? காட்டியிருந்தா அது ஹேட்சரில (மீன்குஞ்சு பொரிப்பகம்) பொரிச்சு விட்டதாத்தான் இருக்கும். ஒரு ஊர்ல தாத்தா பாட்டிங்க மட்டும் இருக்காங்கன்னு வெச்சுக்கோங்க, எல்லாரும் நல்லா நடமாடறாங்க, ஆனா எழுபது வருஷமா ஒரு வீட்லயும் தொட்டில் கட்டல. அந்த ஊரு நல்லா இருக்குன்னு சொல்வீங்களா? மேல் மிசௌரில ஆத்துலயே தானா பொறந்த பேலிட் ஸ்டர்ஜன் கணக்கு போட்டப்ப 150க்குள்ளதான் வந்துச்சு, எல்லாமே கிழடு.

முட்டை போடாம இல்ல, போடுது, பொரிக்கவும் செய்யுது. பிரச்சனை அதுக்கப்புறம். பொரிஞ்ச குஞ்சுக்கு நீந்தத் தெரியாது, வயித்துல மஞ்சக்கருப் பையோட ஆத்தோட்டத்துல அடிமட்டத்தை ஒட்டியே மிதந்து போகும், கிட்டத்தட்ட ரெண்டு வாரம், சில நூறு கிலோமீட்டர். அப்புறம்தான் தானா ஒரு இடத்துல நின்னு இரை தேடற அளவுக்கு வளரும். அணை இல்லாத காலத்துல இது ஒரு விஷயமே இல்ல, ஆறு போய்ட்டே இருக்கும், எங்கயாவது ஒதுங்கிக்கும். இப்ப மேல ஃபோர்ட் பெக் அணை 1940ல முடிஞ்சுது, கீழ கேரிசன் அணை 1953ல, அதுக்குப் பின்னாடி நிக்கறதுதான் சகாகவீயா ஏரி. நடுவுல ஓடற ஆறா மிச்சம் இருக்கற துண்டு, குஞ்சு மிதந்து முடிக்கற தூரத்துக்குப் பத்தல. இதுல ஃபோர்ட் பெக்ல ஏரி அடிலேருந்து திறந்து விடற தண்ணி சில்லுனு இருக்கும், சில்லுத் தண்ணில குஞ்சு மெதுவா வளரும், மெதுவா வளந்தா இன்னும் அதிக நாள் மிதக்கணும், அதிக நாள் மிதந்தா இன்னும் நீளமான ஆறு வேணும், ஆறுதான் இல்லையே.

சரி ஏரிக்குள்ள போனா என்னன்னு கேப்பீங்க. ஆறு ஏரில போய்ச் சேர்ற வாய்ல ஓட்டம் செத்துப்போகும், சுமந்துட்டு வந்த வண்டல், இலை தழை எல்லாம் அங்கயே படியும், அது அழுகறப்ப அடில இருக்கற ஆக்சிஜன் மொத்தத்தையும் பாக்டீரியா உறிஞ்சிடும். மேல தண்ணி நல்லாத்தான் இருக்கும். ஆனா அடிமட்டத்தை ஒட்டி மூச்சு விட ஒண்ணும் இருக்காது, நம்ம குஞ்சு வந்து இறங்கறதும் சரியா அங்கதான். மொன்டானா ஸ்டேட் யுனிவர்சிட்டி ஆளுங்க மத்தவங்களோட சேந்து இதை அளந்து பாத்து 2015ல கட்டுரை போட்டாங்க, அது வர்ற வரைக்கும் குஞ்சு எங்க போய்த் தொலையுதுன்னு ஆளாளுக்கு ஒரு தியரி சொல்லிட்டு இருந்தாங்க. பெரிய மீனுக்கு இதனால ஒண்ணும் இல்ல, மூச்சு முட்டினா வேற இடம் போயிடும். அதான் நீங்க பாத்த மீனு கொழுகொழுன்னு இருக்கு.

படிக்கட்டு விஷயம்: சால்மன் துள்ளி ஏறும், இது தரையை ஒட்டி ஊர்ற மாதிரி நீந்தற ஜாதி, சால்மனுக்கு அளவெடுத்துக் கட்டின படிக்கட்டு இதுக்கு ஒத்து வராது. அப்படியே மேல ஏறிட்டாலும் அங்க போடற முட்டைலேருந்து வர்ற குஞ்சு மிதந்து வந்து மேல் ஏரில மாட்டும். ஏறுறதுக்கு மட்டும் வழி பண்ணிப் பிரயோஜனம் இல்ல.

வலைவீசி:
எதுக்கு இவ்ளோ சுத்தி வளைக்கறீங்க, ஸ்டர்ஜன்னாலே கேவியர்தான், அதோட முட்டை, பணக்காரன் ரொட்டி மேல தடவித் தின்ன ஆசைப்பட்டு ஆத்தையே காலி பண்ணிட்டான். திருட்டு வேட்டையை நிறுத்தினா எல்லாம் சரியாயிடும், அணை மேல பழி போடறது இப்ப ஃபேஷன். கரண்டு யாரு தருவா?

குளிர்தேசம்:
வலைவீசி அண்ணே, காஸ்பியன் கடல் பக்கம், டான்யூப் பக்கம் நீங்க சொல்றது பெரிய அளவுல உண்மை, அதனாலதான் 1998லேருந்து எல்லா ஸ்டர்ஜன் வகையும் சைட்டீஸ் பட்டியல்ல (அழியற உயிரினங்களோட சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தற ஒப்பந்தம்) இருக்கு. ஆனா அங்கயும் அணை இருக்கே. வோல்கால வோல்கோகிராட் அணை வந்து பெலூகா ஸ்டர்ஜன் முட்டை போடற இடத்துல பெரும்பகுதியை அடைச்சிடுச்சு, டான்யூப்ல அயர்ன் கேட்ஸ் ரெண்டு அணை, 1972லயும் 1984லயும். மேல போக முடியாம அணைக்கடியில கூட்டமா நிக்கற மீனைப் பிடிக்கறது வேட்டைக்காரனுக்கு எவ்ளோ சுலபம்னு நீங்களே யோசிங்க.

நான் வேலை விஷயமா நார்த் டகோட்டால மூணு வருஷம் இருந்தேன், சகாகவீயா ஏரி பக்கம் லீவு நாள்ல தூண்டிலோட போவேன் (பெருசா ஒண்ணும் மாட்டல, குளிர்தான் மிச்சம்). அங்க கூட தூண்டில் போடறவங்க எனக்குச் சொல்லிக் குடுத்த முதல் பாடமே பேலிட்டுக்கும் ஷவல்நோஸ் ஸ்டர்ஜனுக்கும் வித்தியாசம் பாக்கறதுதான். வாய்க்கு முன்னாடி நாலு மீசை தொங்கும், நாலும் ஏறக்குறைய ஒரே நீளமா ஒரே கோட்டுல இருந்தா ஷவல்நோஸ், உள்ள இருக்கற ரெண்டும் குட்டையா கொஞ்சம் முன்னாடி தள்ளி இருந்தா பேலிட், உடனே தண்ணில விட்டுடணும். 1990லேருந்து பேலிட் அழியும் நிலைப் பட்டியல்ல இருக்கு. முட்டைக்காக ஷவல்நோஸ் பிடிக்கறவங்க ஆள் தெரியாம பேலிட்டையும் பிடிச்சிடறாங்கன்னு 2010ல ரெண்டும் சேந்து வாழற இடத்துல ஷவல்நோஸுக்கும் பாதுகாப்பு குடுத்துட்டாங்க, பாக்க ஒரே மாதிரி இருக்குங்கற ஒரே காரணத்துக்காக. ஆக கேவியர் பிரச்சனை அங்கயும் எட்டிப் பாத்துச்சு, இல்லேங்கல. ஆனா எழுபது வருஷமா குட்டியே வராததுக்கு அது காரணம் இல்ல.

கரண்டு கேள்விக்கு: அணையை இடிக்கணும்னு இங்க யாருமே சொல்லலையே. மிசௌரில வந்து கலக்கற யெல்லோஸ்டோன் ஆத்துல இன்டேக்னு ஒரு பழைய தாழ்வான தடுப்பணை, பாசனத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல தண்ணி திருப்பிட்டு இருக்கு. அந்தப் பாசனத்தை நிறுத்தாமலே பக்கத்துல சுத்திப் போற மாதிரி ஒரு வாய்க்கால் வெட்டி 2022ல திறந்தாங்க, டேக் போட்ட பேலிட் சிலது அது வழியா ஏறியும் போச்சு. மேல போய் முட்டை போட்டா குஞ்சுக்கு மிதக்க அத்தனை கிலோமீட்டர் கூடுதலா கிடைக்கும். மேல உள்ள ஆத்துமணல் போட்ட கணக்குதான் இது.

கெண்டைக்குஞ்சு:
தொட்டில் விஷயம் நல்லா உறைச்சுது, நன்றி. ஆனா ஹேட்சரி இருக்குல்ல? லட்சக்கணக்குல பொரிச்சு விட்டா போதாதா, ஆறு எப்படிப் போனா என்ன?

கூழாங்கல்:
இதுக்கு கூட்டனே ஆறுதான் நல்ல உதாரணம். மொன்டானா, ஐடஹோ, கனடா மூணையும் தொட்டுட்டு ஓடற ஆறு, கீழ இருக்கற ஒரு அருவியால பனியுகம் முடிஞ்ச காலத்துலேருந்தே கடல் தொடர்பு இல்லாம அங்கயே தனியா வாழ்ந்துட்டு இருக்கற வெள்ளை ஸ்டர்ஜன் கூட்டம் அது. 1972ல லிபி அணை வந்துச்சு. வசந்த காலத்துல பனி உருகி வர்ற வெள்ளத்தை அணை பிடிச்சு வெச்சுக்கிச்சு, மீனுக்கு அந்த வெள்ளம்தான் முட்டை போடறதுக்கு அழைப்பு. இப்பவும் வருதுங்க, பாவம், பானர்ஸ் ஃபெர்ரி ஊருக்குக் கீழ வந்து முட்டை போடுது, ஆனா அங்க அடில மணல். ஸ்டர்ஜன் முட்டை பசை மாதிரி ஒட்டும், கல்லுல ஒட்டணும், பொரிஞ்ச குஞ்சு கல் இடுக்குல ஒளியணும். மணல்ல விழுந்தா மேல மணல் மூடி அங்கயே சமாதி. 1994ல அழியும் நிலைன்னு அறிவிச்சாங்க, அதுக்கு முன்னாடியே அந்த மண்ணோட பழங்குடி மக்களான ஐடஹோ கூட்டனே இனத்தார் தாங்களே ஹேட்சரி ஆரம்பிச்சிட்டாங்க. அந்த ஹேட்சரி இல்லேன்னா இன்னிக்கு அங்க சின்ன மீன்னு சொல்லிக்க ஏறக்குறைய ஒண்ணும் இருந்திருக்காது, அதை மறுக்கவே முடியாது.

ஆனா பாருங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச சங்கதி இது: அங்க ஆத்துக்கு உரம் போடறாங்க! நெஜமாத்தான். சத்து மொத்தமும் அணைக்குப் பின்னாடி ஏரில படிஞ்சு போயி கீழ வர்ற தண்ணி கண்ணாடி மாதிரி சுத்தமா, பட்டினித் தண்ணியா வருது, பாசி இல்ல, பூச்சி இல்ல, மீனுக்குத் தீனி இல்ல. அதனால 2005லேருந்து ஐடஹோ எல்லை பக்கம் வருஷா வருஷம் பாஸ்பேட் சொட்டு சொட்டா கலக்கறாங்க. மத்த ஊர்ல ஆத்துல உரம் கலக்குதேன்னு சண்டை போடறாங்க, இங்க காசு குடுத்துக் கலக்கறாங்க. கல்லும் கொண்டு வந்து கொட்டிப் பாத்தாங்க. ஹேட்சரி மட்டும் போதும்னா இந்தப் பாடெல்லாம் எதுக்குப் படணும்? ஒரு தலைமுறைக்கு சில டஜன் தாய் தகப்பன் மீனைத்தான் ஹேட்சரில சேர்க்க முடியும், மரபணு சுருங்கிட்டே போகும். விட்ட குஞ்சு வளந்து முட்டை போட வெள்ளை ஸ்டர்ஜனுக்கு இருபது வருஷம், முப்பது வருஷம்கூட ஆகும், அந்த முட்டையும் அதே மணல்லதான் விழும்.

ஆத்துமணல்:
சீனாவோட யாங்ட்ஸி ஆத்துக் கதையையும் சேத்துக்கங்க. சீன ஸ்டர்ஜன் கடல்லேருந்து ரெண்டாயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேல ஏறிப் போயி முட்டை போட்டுட்டு இருந்துச்சு, 1981ல கெஜோபா அணை வழியை மறிச்சுது. மீனு விட்டுக் குடுக்கல, அணைக்குக் கீழயே ஒரு சின்ன இடத்தைப் பிடிச்சு முட்டை போட ஆரம்பிச்சுது. அப்புறம் 2003ல மேல த்ரீ கார்ஜஸ் அணைல தண்ணி தேக்கினாங்க. பெரிய ஏரி வெயில் சூட்டை வாங்கி வெச்சுக்கிட்டு இலையுதிர் காலத்துல லேட்டாத்தான் ஆறும், தண்ணி குளிரக் காத்திருந்து முட்டை போடற காலமும் தள்ளித் தள்ளிப் போச்சு. 2017லேருந்து தொடர்ந்து தேடியும் ஆத்துல தானா போட்ட முட்டை கிடைக்கலன்னுதான் சேதி. ஹேட்சரிலேருந்து விட்டது லட்சக்கணக்குல, எண்பதுகள்லேருந்து.

அதே ஆத்துல ஸ்டர்ஜனோட பங்காளி, சீன துடுப்பு மீன், 2003 ஜனவரில யிபின் பக்கம் ஒண்ணு உயிரோட கிடைச்சுது, டேக் போட்டு விட்டாங்க, சீக்கிரமே சிக்னல் தொலைஞ்சு போச்சு, அதுக்கப்புறம் யாரும் பாக்கல. அதை ஹேட்சரில வளக்கவே முடியல, ஜோடியே கிடைக்கல. 2022ல ஐயுசிஎன் (உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு) முழுசா அழிஞ்சதுன்னு எழுதிட்டாங்க. அதே அறிக்கைலதான் மிச்சம் இருக்கற 26 ஸ்டர்ஜன் வகையும் ஆபத்துலன்னு வந்துச்சு, ஒண்ணு பாக்கி இல்ல. ஒரு நல்ல சேதி, அங்கயே சிஷுய்ங்கற கிளை ஆத்துல சின்னச் சின்ன அணை முந்நூறு கிட்ட இடிச்சுத் தள்ளிட்டு யாங்ட்ஸி ஸ்டர்ஜனைக் கொண்டு போய் விட்டாங்க, 2025ல அது அங்கயே முட்டை போட்டுக் குஞ்சும் பொரிச்சிடுச்சு.

வலைவீசி:
சரிப்பா, கேவியர் மட்டும் இல்லேன்னு ஒத்துக்கறேன். முந்நூறு அணை இடிச்சானா!

கெண்டைக்குஞ்சு:
கடைசியா ஒண்ணு. இவ்ளோ அரிதான மீனுன்னா வீடியோல அந்தம்மா ஏன் திரும்ப ஆத்துலயே விட்டாங்க? ஹேட்சரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கலாமே?

குளிர்தேசம்:
பொம்பள மீனா இருந்தாலும் வருஷா வருஷம் முட்டை போடாதுங்க, ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை, சிலது இன்னும் லேட்டாவும். அல்ட்ராசவுண்ட் வெச்சு வயித்தைப் பாப்பாங்க, முட்டை முத்தலன்னா தூக்கிட்டுப் போய் தண்ணித் தொட்டிக்குள்ள போட்டு நோகடிச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல. உள்ள ரேடியோ டேக் ஏற்கனவே இருக்கும். அடுத்த வசந்தத்துல அது மேல ஏற ஆரம்பிச்சுதுன்னா சிக்னலைப் பிடிச்சுக்கிட்டு அதே படகு மறுபடி அதைத் தேடிப் போகும்.