210 ஜிபி காலி, ஆனால் 9 ஜிபிதான் தருமாம்!

மாம்பலத்தான்:
தம்பிக்குக் கல்லூரியில் லினக்ஸ் வேண்டுமாம். வீட்டில் இருப்பதோ ஒரே கணினி, விண்டோஸ் 10, 500 ஜிபி டிஸ்க். சி டிரைவில் 210 ஜிபி காலி. லினக்ஸில் ஒரு வகையான உபுண்டுவுக்கு 25 ஜிபி போதும்தான், நான் தாராளமாக 60 தரலாம் என்று விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, சி டிரைவைச் சுருக்க ஷ்ரிங்க் வால்யூம் கொடுத்தேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, 9,300 எம்பிதான் சுருக்கலாம் என்றது.

பஸ் முழுக்கக் காலி, கடைசி சீட்டில் மட்டும் யாரோ துண்டு போட்டு வைத்த கதை. பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் பிரித்த பகுதியை, வால் பக்கமாகத்தான் விண்டோஸ் சுருக்கும். வாலில் அசையாத கோப்பு ஒன்று இருந்தால் அதற்கு முன்னால் எவ்வளவு காலி இருந்தும் பிரயோஜனம் இல்லை. துண்டு போட்டது யார் என்பதை, விண்டோஸின் நடப்புப் பதிவுகளைக் காட்டும் இவென்ட் வியூவரில் 259 என்ற எண்ணுள்ள பதிவு காட்டிக்கொடுத்தது: மெமரி பற்றாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் பேஜ்ஃபைல். அதை நிறுத்தினேன், கணினியின் நிலையை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணையும் ஹைபர்நேஷனையும் அணைத்தேன், ரீஸ்டார்ட். இப்போது 90 ஜிபிக்கு மேல் காட்டியது.

எவ்வளவு சுருக்க வேண்டும் என்று ஷ்ரிங்க் பெட்டி எம்பியில் கேட்கும். நான் அவசரத்தில் 60 என்று அடித்து, கடுகளவு ஒரு துண்டை வெட்டி எடுத்தேன். தம்பி இன்னும் சிரிக்கிறான். எக்ஸ்டெண்ட் கொடுத்து ஒட்டவைத்து, 61440 என்று அடித்த பிறகுதான் சரியானது. பேஜ்ஃபைலைத் திரும்பப் போட்டுவிட்டேன். ஹைபர்நேஷன் அணைந்தே இருக்கட்டும். அது இருந்தால்தான் ஓடும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஓடினால் லினக்ஸிலிருந்து சி டிரைவில் எழுத விடாது.

பெரம்பூர் பையன்:
அண்ணா, வெட்டிய இடத்தை அப்படியே விட்டீர்களே, தப்பித்தீர்கள். நான் அதில் புது டிரைவ் உண்டாக்க நியூ சிம்பிள் வால்யூம் கொடுத்தேன். பழைய லேப்டாப், எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க். அதில் பிரைமரி பார்ட்டிஷன் நாலுக்கு மேல் போகாது, எனக்கு ஏற்கெனவே நாலு. விண்டோஸின் தனி வகையான டைனமிக் டிஸ்க்காக மாற்றவா என்று கேட்டது. படிக்காமல் யெஸ் தட்டினேன். அப்புறம் லினக்ஸ் இன்ஸ்டாலர் அந்த இடத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. விண்டோஸ் வழியாகத் திரும்ப பேசிக், அதாவது சாதாரண டிஸ்க் ஆக்க எல்லா வால்யூமையும் அழிக்க வேண்டும். ரிச்சி தெருவுக்கு ஓடி எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, ராத்திரி முழுக்க காப்பி போட்டேன்.

வேளச்சேரிவாசி:
சுருக்குவதாவது பரவாயில்லை, நகர்த்துவதுதான் வயிற்றைக் கலக்கும். காலி இடத்தைச் சேர்ப்பதற்காக, பார்ட்டிஷன்களை மாற்றும் ஜிபார்ட்டெட் மென்பொருளில் டி டிரைவை இடப்பக்கம் தள்ளினேன். அப்படித் தள்ளினால் உள்ளே இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வேறு இடத்தில் எழுதும், மணிக்கணக்கு ஆகும். மே மாத மதியம், ஏசி ஓடுகிறது, டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் இல்லை. முக்கால்வாசியில் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது விண்டோஸ், டி டிரைவை ஃபார்மேட் செய்யவா என்று கேட்டது. அப்பாவின் அறுபதாம் கல்யாண வீடியோ அதில்தான் இருந்தது. குரோம்பேட்டை சித்தி வீட்டு பீரோவில் ஒரு டிவிடி கிடந்ததால் பிழைத்தேன்.